அட்டவணையும் வரைபடமும்: எளிய எழுத்துக் கோப்பில் பத்துப்பாட்டின் அடித்தொகையை வரைந்து காணல்

இலக்கிய ஆராய்ச்சியில் எண்ணிக்கை புகுந்து நெடுநாளாயிற்று. சொல்லடைவு வகுப்போரும் பொருளடைவு வகுப்போரும் எண்ணாமல் தம் பணியைச் செய்தல் இயலாது. யாப்பு ஆராய்வோர் அடியும் சீரும் எண்ணுவர். திணை ஆராய்வோர் பாட்டும் துறையும் எண்ணுவர். எண்ணியவற்றை அட்டவணையாக அமைத்து, அதன் அருகே ஒரு வரைபடமும் இட்டுக் காட்டுதல் இன்றைய ஆய்வேடுகளில் பெருவழக்காயிற்று. ஆயினும், அருகில் நிற்கும் படம் அவ்வட்டவணையிலிருந்தே வரையப்பட்டதா, பிறிதோர் அட்டவணையிலிருந்து வரையப்பட்டதா என்று வினவின் விடை கூறவல்ல ஆய்வேடுகள் சிலவே. இது சிறு குறையன்று. அட்டவணை ஒன்று கூறப் படம் பிறிதொன்று கூறுமாயின், படிப்போர் எதனை நம்புவர்?

இக்குறையை யான் பிறரிடத்துக் கண்டு கூறுகின்றேன் அல்லேன். என் ஆய்வேட்டிலேயே அஃது நேர்ந்தது. குறுந்தொகைக் கருப்பொருட் பெயர்களை எண்ணி ஓர் அட்டவணை வகுத்தேன். பின்னர் மற்றொரு பதிப்போடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளை நோக்கியபோது ஒரு நிரலில் மூன்று எண்கள் திருத்தம் பெற்றன. அட்டவணையைத் திருத்தினேன், படத்தைத் திருத்த மறந்தேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர் படத்திலுள்ள தூண் ஒன்றின்மேல் விரலை வைத்து, "இதன் உயரத்திற்கும் அட்டவணையிலுள்ள எண்ணிற்கும் இயைபு யாது?" என்று வினவினார். விடை கூற இயலாது நின்றேன். திருத்திக் கொடுக்க விரும்பிப் படம் வரைந்த கோப்பைத் தேடினால், அதனைத் திறத்தற்குரிய மென்பொருளின் உரிமக் காலம் கழிந்திருந்தது. படம் கண்ணுக்குப் புலனாயிற்று; அதனுள் இருந்த எண்கள் மீளவில்லை. இறுதியில் கோடிட்ட தாளிலே கையால் வரைந்து ஒட்டினேன்.

அட்டவணையும் படமும் வெவ்வேறு கோப்புக்களில் வாழ்ந்தமையே அப்பிழைக்குக் காரணம். இரண்டனையும் ஒரே கோப்பில், அதுவும் எந்தக் கணிப்பொறியிலும் திறந்து படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்பில் வைக்கும் முறை ஒன்று உளது. ஆர்க் மோட் என்பது அதன் பெயர். அதனைத் தமிழாராய்ச்சி மாணவர் கையாளுமாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். மென்பொருளை அறிந்தோர்க்கு இது புதிதன்று. தமிழ்த்துறைகளில் இதனை அறிந்தோர் சிலராதலின் ஈண்டு எழுதப்படுகின்றது.

ஈமாக்ஸ் என்னும் எழுத்துத் திருத்தியைப் பற்றி முன்னர்ச் சிறிது கூறல் வேண்டும். இன்று வழங்கும் குனூ ஈமாக்ஸ், ரிச்சர்டு ஸ்டால்மன் என்பாரால் 1985-இல் வெளியிடப்பெற்றது. கட்டணமின்றிக் கிடைப்பது, உரிமக் காலம் என்னும் கட்டு இதற்கு இல்லை. அதனுள் குறிப்பெடுத்தற்கென 2003-இல் கார்ஸ்டன் டொமினிக் என்னும் வானியலறிஞர் ஆக்கியதே ஆர்க் மோட். 2007-இல் வந்த ஈமாக்சின் 22-ஆம் பதிப்பு முதலாக அதனோடு ஒருங்கே சேர்ந்து வருகின்றது. விண்மீன் ஆராய்வார் ஒருவர் தம் குறிப்புக்களை ஒழுங்கு செய்தற்கு ஆக்கிய கருவி, அகநானூறு ஆராய்வார்க்கும் பயன்படுதல் வியப்பிற்குரியதன்று, இருவரும் எண்ணுவோரே.

படம் வரைதல் ஆர்க் மோட்டின் தொழில் அன்று. அது க்னூபிளாட் என்னும் வேறொரு நிரலுக்கு அட்டவணையை அனுப்பிப் படத்தைப் பெறுகின்றது. க்னூபிளாட் 1986-இல் தாமசு வில்லியம்சு, காலின் கெல்லி என்னும் இருவரால் ஆக்கப்பட்டது. பெயரில் 'குனூ' என்பது ஒலிப்பினும் குனூ இயக்கத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயரொற்றுமை கொண்டு புலவர் இருவரை ஒருவராகக் கொள்ளும் பிழையை நம் இலக்கிய வரலாற்றில் கண்டோர்க்கு இதனை எச்சரிக்க வேண்டுவதில்லை. ஆகவே கணிப்பொறியில் ஈமாக்ஸ், க்னூபிளாட், இவ்விரண்டனையும் இணைக்கும் க்னூபிளாட்டுக்குரிய சிறு ஈமாக்ஸ் துணைக்கருவி ஆகிய மூன்றும் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். ஒன்று குறையினும் படம் வாராது.

இனி அட்டவணைக்கு வருவோம். ஆர்க் மோட்டில் அட்டவணை என்பது நேர்க்கோட்டுக் குறியால் பிரிக்கப்பட்ட எழுத்து வரிகளே. வேறு மறைபொருள் யாதும் அதன்கண் இல்லை. எடுத்துக்காட்டாகப் பத்துப்பாட்டின் அடித்தொகையைக் கொள்வோம்.

| பாட்டு | அடி | விழுக்காடு |
|---+---+---|
| திருமுருகாற்றுப்படை | 317 | 8.9 |
| பொருநராற்றுப்படை | 248 | 7.0 |
| சிறுபாணாற்றுப்படை | 269 | 7.6 |
| பெரும்பாணாற்றுப்படை | 500 | 14.1 |
| முல்லைப்பாட்டு | 103 | 2.9 |
| மதுரைக்காஞ்சி | 782 | 22.0 |
| நெடுநல்வாடை | 188 | 5.3 |
| குறிஞ்சிப்பாட்டு | 261 | 7.3 |
| பட்டினப்பாலை | 301 | 8.5 |
| மலைபடுகடாம் | 583 | 16.4 |

குறுக்கே செல்வதனை நிரை என்றும் நெடுகச் செல்வதனை நிரல் என்றும் கணித நூலார் வழங்குவர்; அவ்வழக்கே ஈண்டும் கொள்ளப்படுகின்றது. ஒவ்வொரு நிரையும் நேர்க்கோட்டுக் குறியோடு தொடங்குதல் வேண்டும். ஓர் அறையை எழுதி முடித்துத் தாவல் விசையை அழுத்தினால் அடுத்த அறைக்குச் செல்லும். நிரல்களும் தாமே ஒழுங்குபடும். நேர்க்கோட்டுக் குறியையும் சிறு கோட்டுக் குறியையும் இட்டுத் தாவல் விசையை அழுத்தினால் தலைப்பைப் பிரிக்கும் படுக்கைக் கோடு முழுதும் வந்து நிற்கும்.

தமிழில் எழுதுவோர் இவ்விடத்து ஒன்று அறிதல் வேண்டும். ஆங்கில எழுத்துக்களைத் தட்டச்சில் ஒரே அகலமுடையனவாக அமைத்தல் எளிது. தமிழில் 'ர' என்பதும் 'ணொ' என்பதும் ஓரளவின அல்ல. ஆதலின் திரையில் நேர்க்கோடுகள் சிறிது கோணி நிற்கும். அதனைக் குற்றமெனக் கருதி இடைவெளிகளைக் கையால் திருத்திக்கொண்டு காலம் கழித்த மாணவர் உளர். கோணல் கண்ணுக்கே, அட்டவணையைப் படிக்கும் நிரல் குறியை நோக்குமேயன்றி நேர்மையை நோக்காது.

மூன்றாம் நிரலிலுள்ள விழுக்காடு கையால் எழுதப்பட்டதன்று. அட்டவணையின் கீழே ஒரு வாய்பாட்டு வரி எழுதினால் பொறியே கணித்து நிரப்பும். அவ்வரி பின்வருமாறு:

#+டிபிஎல்எஃப்எம்: $3=$2*100/3552;%.1எஃப்

இவ்வாறு ஈண்டுத் தமிழெழுத்தில் காட்டப்படும் கட்டளைச் சொற்கள் யாவும் பொறியில் உரோமன் எழுத்திலேயே இடப்படல் வேண்டும். '$3' என்பது மூன்றாம் நிரல். '$2' என்பது இரண்டாம் நிரல். 3552 என்பது பத்துப்பாட்டின் மொத்த அடித்தொகை. இறுதியிலுள்ளது தசமப் புள்ளிக்குப்பின் ஓரிலக்கம் போதும் என்னும் ஆணை. இவ்வரியின்மேல் நின்று, கண்ட்ரோல் விசையோடு 'சி' என்பதனை இருமுறை அழுத்தினால் நிரல் முழுதும் கணிக்கப்படும். படுக்கைக் கோட்டிற்கு மேலுள்ள தலைப்பு நிரை தீண்டப்படாது.

ஈண்டு ஒரு பொறி உளது. வலை என்னும் பொருளில் கூறுகின்றேன். பள்ளியில் கற்ற பழக்கத்தால் '$2/3552*100' என்று எழுதுவோர் பலர். ஆர்க் மோட் கையாளும் கணக்கீட்டு முறையில் பெருக்கற்குறி வகுத்தற்குறியினும் வலிது. ஆகவே 3552-ஐயும் 100-ஐயும் முதற்கண் பெருக்கி, வந்த 355200-ஆல் இரண்டாம் நிரலை வகுத்துவிடும். மதுரைக்காஞ்சியின் 782 அடிக்கு 0.0022 என விடை வரும். ஓரிலக்க அளவில் அது 0.0 என்றே தோன்றும். எல்லா அறைகளிலும் சுழியம் நிறையக் கண்டு, மென்பொருளே பழுது என்று கைவிட்டாரும் உளர். மேற்காட்டியவாறு பெருக்கலை முன்னர் வைத்து எழுதுக. அல்லது பிறைக்குறி இடுக.

அட்டவணை அமைந்தபின் படம் வரைதற்கு வேண்டுவது ஒரு வரியே. அட்டவணையின் தலைமேல், இடையே வெற்றுவரி விடாது, பின்வருமாறு எழுதல் வேண்டும்:

#+பிளாட்: டைட்டில்:"பத்துப்பாட்டு அடித்தொகை" இண்ட்:1 டெப்ஸ்:(2) வித்:ஹிஸ்டோகிராம்ஸ் செட்:"ஒய்ரேஞ்ச் [0:]"

'டைட்டில்' என்பது படத்தின் தலைப்பு. 'இண்ட்' என்பது கிடையச்சில் நிற்கவேண்டிய நிரலின் எண். ஈண்டுப் பாட்டின் பெயர் அமைந்த முதல் நிரல். 'டெப்ஸ்' என்பது உயரமாகக் காட்டப்படவேண்டிய நிரல் அல்லது நிரல்கள், பிறைக்குறிக்குள் எழுதப்படும். இதனை எழுதாது விட்டால் ஏனைய எல்லா நிரல்களும் வரையப்பட்டுவிடும். அடியும் விழுக்காடும் ஒரே படத்தில் நின்று பொருளற்றதாகும். 'வித்' என்பது படத்தின் வகை. 'செட்' என்பது க்னூபிளாட்டிற்கு நேரே செல்லும் ஆணை. எழுதிய பின்னர் அட்டவணைக்குள் நின்று கண்ட்ரோல் விசையோடு 'சி', பின்னர் இரட்டை மேற்கோட்குறி, பின்னர் 'ஜி' என அழுத்தினால் படம் தனிச் சாளரத்தில் தோன்றும். ஓர் எண்ணைத் திருத்தி அவ்விசைகளையே மறுபடியும் அழுத்தினால் படமும் திருந்தும். என் ஆய்வேட்டிற்கு இவ்வொரு வசதி இருந்திருப்பின் தேர்வாளர் விரல் வைக்க இடம் இராது.

'ஒய்ரேஞ்ச் [0:]' என்பதன் இன்றியமையாமையைச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். நிலையச்சு எங்கே தொடங்க வேண்டும் என்று நாம் கூறாவிடின், எண்களுள் சிறியதனையும் பெரியதனையும் நோக்கி க்னூபிளாட் தானே முடிவு செய்யும். நம் அட்டவணையில் சிறியது 103, பெரியது 782. ஆகவே அச்சு 100-இல் தொடங்கக்கூடும். அங்ஙனமாயின் முல்லைப்பாட்டின் தூண் மூன்று அடி உயரமே பெற்றுத் தரையோடு தரையாகும். மதுரைக்காஞ்சியின் தூணோ 682 அடி உயரம் பெறும். உண்மையில் மதுரைக்காஞ்சி முல்லைப்பாட்டைப்போல் ஏறத்தாழ ஏழரை மடங்கு; படமோ இருநூறு மடங்கிற்கும் மேலாகக் காட்டும். எண் பொய்யாகவில்லை, எனினும் கண் பொய்யைக் கண்டது. தூண் படத்தில் உயரமே பொருளாதலின் அச்சு சுழியத்தில் தொடங்குதல் வேண்டும்.

கோட்டுப்படம் வேண்டுமெனின் 'வித்' என்பதன்பின் 'லைன்ஸ்' என எழுதலாம். ஆனால் பத்துப்பாட்டிற்கு அது பொருந்துமா என்பது வினா. முல்லைப்பாட்டிலிருந்து மதுரைக்காஞ்சிக்கு ஒரு கோடு ஏறிச் செல்லுமாயின், அக்கோட்டின் நடுவே நிற்கும் புள்ளி எப்பாட்டைக் குறிக்கும்? ஒன்றையும் குறிக்காது. பாட்டுக்கள் தனித்தனிப் பொருள்கள். அவற்றிடையே தொடர்ச்சி இல்லை. வரைபடக் கலையின் முன்னோராகிய வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டினர் 1786-இல் வெளியிட்ட வாணிக நூலில் இவ்வேறுபாடு தெளிவாகக் காணப்படுகின்றது. ஆண்டுதோறும் கிடைத்த ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கை அவர் கோட்டால் வரைந்தார். ஸ்காட்லாந்திற்கோ ஓராண்டுக் கணக்கே அவர் கையில் இருந்தது. ஆண்டு வரிசை இன்மையால், பல நாடுகளோடு நிகழ்ந்த வாணிகத்தைத் தனித்தனித் தூண்களாக நிறுத்தினார். குறையுள்ள தரவிற்கு ஏற்ற வடிவம் தேடியபோது தூண் படம் பிறந்தது. கோடா தூணா என்று ஐயுறும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.

மொத்தத் தொகையைப் பற்றியும் ஒரு சொல். அட்டவணையின் அடியில் 'மொத்தம் 3552' என ஒரு நிரை சேர்க்கும் வழக்கம் நமக்கு உண்டு. ஆர்க் மோட் படம் வரையும்போது இடையிலுள்ள படுக்கைக் கோடுகளை நீக்கிவிட்டு எல்லா நிரைகளையும் ஒப்ப மதிக்கும். அதனால் பதினோராவது பாட்டாக 'மொத்தம்' என்பது 3552 அடி உயரத்தில் எழுந்து நிற்கும். ஏனைய பத்தும் அதன் காலடியிற் குறுகும். மொத்தத்தை வேறோர் அட்டவணையிலோ கீழே உரைநடையிலோ வைத்தலே தக்கது. எண்களை எழுதும் முறையும் கருதற்பாலது. '3,552' எனக் காற்புள்ளி இடலாகாது. பழைய பதிப்புக்களைப் பின்பற்றித் தமிழ் எண்களைக் கையாளும் விருப்பினரும் ஈண்டு அவ்விருப்பத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். க்னூபிளாட் அவற்றை எண்ணாகக் கொள்ளாது, எழுத்தாகவே கொள்ளும்.

படத்தைக் கோப்பாகச் சேமித்தற்கு அதே வரியில் 'ஃபைல்' என்னும் குறிப்போடு கோப்பின் பெயரை மேற்கோட்குறிக்குள் எழுதல் வேண்டும். பெயரின் இறுதியிலுள்ள விரிவெழுத்தே படத்தின் வகையை முடிவு செய்யும். இங்கேதான் தமிழுக்கு ஓர் இடர் நேர்கின்றது. ஒருங்குறி முறையில் 'நெ' என்னும் எழுத்தைச் சேமிக்கும்போது மெய் முன்னும் ஒற்றைக் கொம்பு பின்னுமாகவே சேமிக்கின்றனர். கொம்பை முன்னே கொணர்ந்து காட்டுதல் எழுத்தை வரையும் மென்பொருளின் கடன். பி.என்.ஜி. வகைப் படம் வரையும் பழைய கூறுகள் அக்கடனைச் செய்வதில்லை. ஆகவே சில கணிப்பொறிகளில் 'நெடுநல்வாடை' என்பது கொம்பு இடம் மாறி, 'பெரும்பாண்' என்பது படிக்கவொண்ணாததாய் அச்சேறும். அத்தகைய படங்களைத் தாங்கிய ஆய்வேடுகளை யான் கண்டிருக்கின்றேன். தமிழ்த்துறை ஆய்வேட்டில் தமிழ் எழுத்துச் சிதைந்து நிற்றலினும் வருந்தத்தக்கது வேறில்லை. இதற்கு மாற்று எளிது. கோப்பின் பெயரை எஸ்.வி.ஜி. என்னும் விரிவெழுத்தோடு முடித்தால் எழுத்துக்கள் படமாக அன்றி எழுத்தாகவே சேமிக்கப்படும். இணைய உலாவியில் திறந்தால் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கும். பத்துப் பெயர்களும் நீண்டனவாதலின் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். 'செட்:"எக்ஸ்டிக்ஸ் ரொடேட்"' என்னும் ஆணையைச் சேர்த்தால் பெயர்கள் செங்குத்தாக நின்று இடம் விடும்.

க்னூபிளாட் நிறுவ இயலாத கணிப்பொறியில் பணிபுரிவோர்க்கும் ஒரு வழி உண்டு. அடித்தொகை நிரலில் நின்று கண்ட்ரோல் விசையோடு 'சி', இரட்டை மேற்கோட்குறி, 'ஏ' என அழுத்தினால், அட்டவணைக்குள்ளேயே ஒரு புதிய நிரல் தோன்றி, எழுத்துக் குறிகளால் ஆகிய கிடைத்தூண்கள் அதில் நிரம்பும். அழகிற் குறைந்தது, விரைவிற் சிறந்தது. அதன் வாய்பாட்டில் சிற்றளவு, பேரளவு என இரண்டு எண்கள் இருக்கும். சிற்றளவைச் சுழியமாக மாற்றுக. மேலே அச்சைப் பற்றிக் கூறிய காரணமே இதற்கும் காரணம்.

நிற்க. படம் வந்தது, அது நமக்கு என்ன கூறுகின்றது? அடித்தொகை நிரலில் நின்று கண்ட்ரோல் 'சி', கூரைக்குறி ஆகியவற்றை அழுத்தி எண்முறையில் இறங்குவரிசைப்படுத்துவோம். மதுரைக்காஞ்சி, மலைபடுகடாம், பெரும்பாணாற்றுப்படை என்னும் மூன்றும் உயர்ந்து நிற்கும். அடுத்துள்ள திருமுருகாற்றுப்படைக்கும் பெரும்பாணாற்றுப்படைக்கும் இடையே 183 அடி வேறுபாடு உளது. அதன்பின் 317, 301, 269, 261, 248 எனப் படிகள் மெல்ல இறங்கும். பாட்டுக்களை மரபு வரிசையில் வைத்துப் படித்தபோது கண்ணிற்பட்டிராத இவ்வமைப்பு வரிசை மாற்றியதும் புலனாகின்றது. ஆற்றுப்படை ஐந்தனையும் கூட்டினால் 1917 அடி, மொத்தத்தில் 54.0 விழுக்காடு. தொகையிற் பாதியாக நிற்பன அடியளவிற் பாதிக்குச் சிறிது மேலாக நிற்கின்றன.

அகப்பாட்டுக்களின் பங்கு யாது என்று வினவுங்கால் படம் தயங்குகின்றது. முல்லைப்பாட்டு, குறிஞ்சிப்பாட்டு, பட்டினப்பாலை மூன்றும் சேர்ந்து 665 அடி, 18.7 விழுக்காடு. நெடுநல்வாடையையும் சேர்ப்பின் 853 அடி, 24.0 விழுக்காடு. சேர்க்கலாமா? பிரிவுற்றிருக்கும் தலைவியைப் பாடுதலின் அகம் என்பாரும், வேம்பு பாண்டியன் அடையாளப் பூவாதலின் சுட்டி ஒருவர் பெயர் கொண்டதாகும், ஆகவே புறம் என்பாரும் உளர். நச்சினார்க்கினியர் புறம் எனக் கொண்டார். இவ்வழக்கைத் தூண்கள் தீர்க்கமாட்டா. எனவே அட்டவணையில் 'வகை' என நான்காம் நிரல் ஒன்று அமைத்து, நெடுநல்வாடைக்கு நேரே எக்கொள்கை மேற்கொள்ளப்பட்டது என்பதனை எழுதி வைத்தல் ஆராய்ச்சியாளர் கடமை. எழுத்துக் கோப்பாதலின் அட்டவணைக்கு மேலும் கீழும் காரணங்களை விரிவாக எழுத இடமுண்டு; எப்பதிப்பைக் கொண்டு அடி எண்ணப்பட்டது என்பதனையும் அங்கேயே குறிக்கலாம். என் ஆய்வேட்டு அட்டவணையில் பதிப்பின் பெயரை எழுதியிருந்தேனாயின் திருத்தம் எங்ஙனம் நேர்ந்தது என்பதனையேனும் தேர்வாளரிடம் கூறியிருப்பேன்.

எண்ணால் ஆகிய கிடையச்சிற்கு ஐங்குறுநூற்றை எடுத்துக்கொள்வோம். மருதம், நெய்தல், குறிஞ்சி, பாலை, முல்லை என்னும் முறையில் திணைக்கு நூறாக ஐந்நூறு பாட்டுக்கள். மூன்றடிச் சிறுமையும் ஆறடிப் பெருமையும் உடையன. பாட்டு எண்ணை முதல் நிரலிலும் அடியளவை இரண்டாம் நிரலிலும் எழுதி, 'வித்' என்பதன்பின் 'இம்பல்சஸ்' என இட்டால், ஒவ்வொரு பாட்டிற்கும் ஒரு மெல்லிய குத்துக்கோடு எழும். இவற்றுள் 129, 130 ஆகிய இரண்டும் கிடைத்தில. அவற்றுக்கு நேரே சுழியம் எழுதும் மாணவர் உளர். அது பெரும்பிழை. சுழியம் என்பது 'அடி இல்லாத பாட்டு' என்று பொருள்படும். அத்தகைய பாட்டு உலகில் இல்லை. இழந்தது வேறு, இல்லாதது வேறு. அவ்விரு நிரைகளையும் அட்டவணையில் எழுதாது விடுக. கிடையச்சு எண்ணாதலின் 128-க்கும் 131-க்கும் இடையே வெற்றிடம் தானே தோன்றும். 'லைன்ஸ்' என்று எழுதினாலோ இழப்பின்மேல் பாலம் கட்டியதுபோல் கோடு தொடர்ந்து செல்லும். சுவடி சிதைந்த செய்தி மறையும்.

அகநானூற்றைத் திணை வாரியாக வரைந்து காண்டலும் நல்ல பயிற்சி. பாலைக்கு 1, குறிஞ்சிக்கு 2, முல்லைக்கு 3, மருதத்திற்கு 4, நெய்தலுக்கு 5 என அடையாள எண் கொடுத்து, நானூறு பாட்டையும் 'பாயிண்ட்ஸ்' என்னும் வகையில் புள்ளியாக இட்டால், ஐந்து கிடைவரிசைகள் கிடைக்கும். பாலை வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக 200 புள்ளி. குறிஞ்சியில் 2, 8 என முடியும் எண்களில் 80. ஏனைய மூன்றிலும் பத்திற்கு ஒன்றாக 40. நெசவுத்தறியில் இழை ஓடுவதுபோன்ற இவ்வொழுங்கு ஓரிடத்தும் பிறழாது. ஐங்குறுநூற்றை அங்ஙனமே வரையின் நூறு நூறாக நீண்ட ஐந்து துண்டுகள் தோன்றும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு, நாம் பாட்டுக்களைக் காணவில்லை, தொகுத்தோர் கையைக் காண்கின்றோம் என்பது விளங்கும். அகநானூற்றின் ஒழுங்கைத் தொகுத்த உருத்திரசன்மருக்கு உரியதாகக் கருதுவதன்றிப் பாடிய புலவர்க்கு ஏற்றிக் கூறல் ஆகாது. மற்றொன்றும் நினைவிற் கொள்க. இப்படத்தில் நெய்தலின் 5 பாலையின் 1-ஐப்போல் ஐம்மடங்கு அன்று. அவை எண் வடிவிலுள்ள பெயர்கள். அவற்றிற்குச் சராசரி கண்ட அட்டவணை ஒன்றை அண்மையில் திருத்த நேர்ந்தது.

வரைபடம் கொண்டு இலக்கியம் ஆராய்தல் புதுமுயற்சி அன்று. அமெரிக்க இயற்பியலறிஞர் தா. கா. மெண்டன்ஹால் 1887-இல், ஓர் எழுத்தாளர் கையாளும் சொற்களின் எழுத்தளவை எண்ணி வளைகோடாக வரைந்தால் அஃது அவர்க்கே உரிய அடையாளமாகும் என்று எழுதினார். 1901-இல் சேக்சுபியர், பேகன், மார்லோ ஆகியோர் எழுத்துக்களை அம்முறையில் ஆராய்ந்து வெளியிட்டார். சேக்சுபியர் படைப்பில் நான்கெழுத்துச் சொல்லும் பேகன் எழுத்தில் மூன்றெழுத்துச் சொல்லும் மிக்கிருந்தன. ஆகவே இருவரும் ஒருவரல்லர் என்பார்க்கு அப்படம் வலிய சான்றாகத் தோன்றிற்று. 1975-இல் சி. பி. வில்லியம்சு என்பார் அதன் அடிப்படையை ஆராய்ந்தார். சேக்சுபியர் எழுதியது பெரும்பாலும் செய்யுள்; பேகன் எழுதியது உரைநடை. செய்யுளும் உரைநடையும் ஒருங்கே எழுதிய சிட்னியின் படைப்பை எண்ணியபோது, ஒருவரே எழுதியவற்றுள்ளும் அத்தகைய வேறுபாடு காணப்பட்டது. வளைகோடுகள் ஆசிரியரைக் காட்டின என்பதனினும் யாப்பைக் காட்டின என்பதே பொருந்தும். ஆசிரியப்பாவாலாகிய குறுந்தொகையையும் கலிப்பாவாலாகிய கலித்தொகையையும் சொல்லளவு கொண்டு ஒப்பிடுவோர், தாம் காண்பது காலமா புலவரா யாப்பா என்பதனை முதற்கண் வேறுபடுத்திக்கொள்ளல் வேண்டும்.

இதனினும் விரிவான படங்கள் வேண்டுவோர் அட்டவணைக்கு மேலே '#+நேம்:' என ஒரு பெயரிட்டு, அதன்கீழ் க்னூபிளாட்டின் ஆணைகளை ஒரு தொகுதியாக எழுதி, அப்பெயரால் அட்டவணையை அத்தொகுதிக்குள் அழைக்கலாம். அங்ஙனம் செய்யின் படத்தின் இணைப்பும் அதே கோப்பிலேயே வந்து அமையும். கடந்த பருவம் முதல் என் மாணவர் ஆய்வேட்டின் அச்சுப் படியோடு இக்கோப்பினையும் சேர்த்துத் தருகின்றனர். வாய்மொழித் தேர்விற்கு முந்திய நாள் அதனைத் திறந்து, அட்டவணையுள் நின்று, விசைகளை ஒருமுறை அழுத்தி, தோன்றும் படத்தையும் அச்சிலுள்ள படத்தையும் யான் அருகருகே வைத்துப் பார்க்கின்றேன்.